நீ கடைசியாகப் போட்ட தகடு

என் வளர் அக்காவுக்கு,

எங்கே இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாய். நான்தான் இங்கே சிரிக்க ஆளில்லாமல் திண்டாடுகிறேன்.

மீஞ்சூரில் ஏறி, கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பாயே, அந்தப் பெட்டியில்தான் இப்போதும் ஏறுகிறேன். பொன்னேரியில் வண்டி வந்து நிற்கும்போது ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிடுகிறேன். அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி வரைக்கும் நின்றுகொண்டே போகிறேன். இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் யோசனை வருகிறது, யோசனை வந்தால் பயம் வருகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதில் என்ன புதுசு என்பாய். இடி இடித்தால் பயம், ரயில்வே கேட்டில் பயம், பாய்லர் பக்கம் போனால் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பயம். நீ எனக்கு வைத்த பெயரே பயந்தாங்கொள்ளிதானே. ஆனால் இது வேறு பயம். நீ சோடா பைப் என்பாயே, அந்தக் குழாயைப் புதிதாகப் போட்டு நாளைக் காலையில் ஸ்டீம் விடப்போகிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். நம்மைப் போலக் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நம் எண்ணெய்க் கம்பெனி லேபில் நீயும் நானும். பாய்லருக்குள் போகிற தண்ணீரும் அங்கிருந்து திரும்புகிற தண்ணீரும் நம் பொறுப்பு. ஸ்டீம் தன் வேலையை முடித்து, குளிர்ந்து, வெந்நீராகிப் பாய்லருக்குத் திரும்பி வருகிற குழாய் ஒன்று உண்டு. பேக்கிங் ஷெட்டுக்குள் புகுந்து, பெண்கள் சாப்பிடுகிற இடத்துக்கு நேர் மேலே போகும். அந்தக் குழாயிலிருந்து கிளை பிரிகிற இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை. காலையில் வந்ததும் எல்லோரும் தங்கள் டிபன் பாக்ஸைக் குழாயோடு ஒட்டி அந்தப் பலகையில் வரிசையாக வைப்பார்கள். மத்தியானம் எடுத்தால் குழம்பு அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி இருக்கும். இதை யாரும் உத்தரவு போட்டு ஆரம்பிக்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொன்னதில்லை. நம் இரண்டு பேரின் டிபனும் அங்கேதானே இருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நீ அந்தக் குழாயை அறிமுகப்படுத்துவது எனக்கு மறக்காது. "இதுக்குள்ள சுடச்சுட சோடா ஓடிக்கினு கீது. நமக்கு சோடா குடிச்சா ஏப்பம் வரும், குழாய்க்கு ஓட்ட வரும்." எல்லோரும் சிரிப்பார்கள். நீ சொன்னது விளையாட்டில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நம் போர் தண்ணீரை எத்தனை முறை வடிகட்டினாலும் அதில் கொஞ்சம் கார உப்பு மிஞ்சிவிடுகிறது. அது பாய்லரில் கொதிக்கும்போது சோடாவில் இருக்கிற அதே கரியமில வாயு பிரிந்து ஸ்டீமோடு கிளம்புகிறது. ஸ்டீம் தண்ணீரானதும் வாயு அதில் கரைந்து தண்ணீரைப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பு இரும்பைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. மேலே வெள்ளைத் தகரம் சுற்றி, குழாய் ஜோராக இருக்கும்.

அதற்குத்தான் மருந்து. வெள்ளையாக, பால் மாதிரி இருக்கிற அமீன் மருந்து. சின்னப் பம்ப் ஒன்று டக் டக் என்று அதை ஸ்டீமுக்குள் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது போய்க் குழாயின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்த உடம்பில் தண்ணீர் நிற்காது இல்லையா, அப்படி அந்தப் படலத்தின் மேல் புளித்த தண்ணீர் ஓடிவிடும், இரும்பைத் தொடாது. இன்று சொட்டாவிட்டால் நாளைக்குப் படலம் மெலியும். அவ்வளவு மெல்லிசான ஒன்றை நம்பித்தான் அத்தனை டிபன் பாக்ஸும் அங்கே இருந்தன.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத் தகடு. விரல் நீளத்தில் ஓர் இரும்புத் தகடு, ஓரத்தில் ஒரு ஓட்டை, பக்கத்தில் எண் குத்தியிருக்கும். எடை பார்த்துக் குழாய்க்குள் செருகிவிடுவோம். மூன்று மாதம் கழித்து எடுத்து, ஆசிட்டில் கழுவி, மறுபடி எடை பார்த்தால் இரும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். குழாயை அறுத்துப் பார்க்க முடியாது, அதற்குப் பதிலாக இந்தத் தகடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். மந்திரித்த தகடு என்று நீ கேலி செய்வாய்.

ஆடி மாதம் நீ போட்டது ஏழாம் எண். உன் புருஷன், குழாய் பிட்டர் ஏழுமலை மாமா, ஏணியில் நின்றுகொண்டிருந்தார். "உங்க பேருலயே கீற நம்பரு, பத்திரமா மாட்டுங்க" என்று கீழே இருந்து குரல் கொடுத்தாய். மாமா உன்னைப் பார்த்து முறைத்தார், வெட்கப்பட்டால் அவருக்கு முறைக்கத்தானே தெரியும். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். போனில் என்னிடம், நான் வருகிற வரைக்கும் லேபுக்குப் பேய் வராமல் பார்த்துக்கொள் என்றாய். அதற்கப்புறம் உன் குரலை நான் கேட்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள் அக்கா. அந்தச் 'சாதாரண' என்கிற வார்த்தையை இப்போது நான் நம்புவதில்லை.

ஆயுத பூஜைக்கு நீ இல்லை. இருந்தாலும் நடந்தது. பாய்லருக்கு வாழைக்கன்று கட்டி, ஸ்பானரிலிருந்து தராசு வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மெயின்டனன்ஸ் மேனேஜர் தினகரன் சார் உன் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. நம் மேஜை இழுப்பறையில் இருக்கிற உன் ஊறுகாய் பாட்டிலுக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். நான் அதைத் துடைக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் தகடு எடுக்க வேண்டிய நாள் வந்தது. ஏழுமலை மாமா கழற்றிக்கொண்டு வந்து டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் நினைவாக இருக்கும் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை. பிரித்தால் தகடு பளபளவென்றிருந்தது. அந்த நேரம் பார்த்து தினகரன் சார் உள்ளே வந்தார். பார்த்தவுடனே அவருக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு நன்றாக இருக்கிறதே, மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு இல்லை. மூன்று மாதம் அதற்குள் கிடந்த தகடு எதுவும் அப்படித் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சமாவது கறுத்திருக்கும், கொஞ்சமாவது சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பில், போல்ட் உட்கார்கிற இடத்தில், கொஞ்சம் சிவப்பு. துரு என்று நினைத்து டிஷ்யூவால் ஒற்றினேன். துரு அப்படி ரோஸ் நிறத்தில் ஒட்டாது. அது குங்குமம். பக்கத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தேன். எட்டு.

அப்படியானால் இந்தத் தகடு பூஜைக்கு அப்புறம்தான் உள்ளே போயிருக்கிறது. குழாய்க்குள் மூன்று மாதம் இருந்து பார்த்தது இது இல்லை. பார்த்த தகடு எங்கே? அது என்ன பார்த்தது?

அன்றைக்கு மத்தியானம் பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். எல்லோரும் குழாய்க்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை மோர் மிளகாயை எடுத்து என் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நாளைக்கு வேறு இடத்தில் உட்காருங்களேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். குங்குமம் இருந்தது என்றா சொல்வேன்? வளரக்கா செத்ததிலிருந்து கஸ்தூரிம்மா நிழலைப் பார்த்தாலும் பயப்படுது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நீ சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போயிருப்பார்கள். எனக்குத்தான் அந்த வித்தை வராதே.

சாயங்காலம் பொன்னேரியில் இறங்காமல் மீஞ்சூருக்குப் போனேன். உன் வீட்டுக்கு நீ இல்லாமல் நான் போனது அதுதான் முதல் தடவை, காரியத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால். மாமா வாசலில் நின்று பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா கஸ்தூரி, மொகமெல்லாம் வெளுத்துப் போய்க்கீது."

"மாமா, ஏழாம் நம்பர் தகடு எங்க?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். டிவிக்கு மேலே உன் போட்டோ, சின்ன சிவப்பு பல்பு. போட்டோவுக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் மல்லிகைப்பூ, பூவுக்கு நடுவில் அந்தத் தகடு. பொட்டு வைத்து, எண்ணெய் பூசி, நகை மாதிரி வைத்திருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு வந்தபோது அதையும் கழற்றினாராம். நீ எடை பார்த்து, நீ கொடுத்து, உன் கண் முன்னால் அவர் மாட்டியது. லேபுக்குப் போனால் ஆசிட்டில் கழுவி, எடை பார்த்து, அப்புறம் பழைய இரும்போடு போட்டுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பூஜையில் பொட்டு வைத்த எட்டாம் எண்ணை, தகடு எடுக்கிற நாளுக்கு முந்தின நாள்தான் உள்ளே மாட்டினாராம்.

"அவ கை பட்ட கடைசி இரும்பு கஸ்தூரி. அத ஆசிட்ல போட மனசு வர்ல."

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ அந்தத் தகட்டைக் கையால் தொட்டதே இல்லை. விரல் வியர்வை பட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். டிஷ்யூவில் பிடித்து எடை பார்த்தாய், டிஷ்யூவில் சுற்றித்தான் மாமாவிடம் கொடுத்தாய். உன் கை படாத ஒரு இரும்புக்கு அந்த மனுஷன் தினமும் பூ வைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை. மாமா, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் மன்னித்துவிடுங்கள்.

பூவை விலக்கி எடுத்தேன். அக்கா, கீழ் ஓரம் பாதிக்குமேல் இல்லை. எலி கடித்த ரஸ்க் மாதிரி இருந்தது. நடுவில் குழி குழியாக, ஓர் இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. குழாயும் இதே இரும்பு. இதைவிட வயசான இரும்பு.

பிட்டர் வேலையில் தலை நரைத்த ஆள் அவர். இது என்னவென்று தெரியாமலா இருக்கும்? அவரையே பார்த்தேன்.

"பாத்தேன் கஸ்தூரி" என்றார். "பாக்காம இன்னா. ஆனா அவளத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அழுதுவிடுவாரோ என்று பயம், தரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம். அந்தக் குழாய்க்கு அடியில்தான் நாளைக்கும் அஞ்சலையெல்லாம் சோறு தின்னப் போகிறார்கள் மாமா என்று மட்டும் சொன்னேன். அவர் உன் பழைய கைக்குட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அதில் தகட்டைச் சுற்றி என் கையில் வைத்தார். நீயே கழுவு, வேறு யாரிடமும் கொடுக்காதே என்றார்.

மறுநாள் முதல் வண்டியில் போய் நானே கழுவினேன். ஆசிட்டில் போட்டதும் குங்குமமும் எண்ணெயும் பிரிந்து மிதந்தன. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது, மூடினால் தகட்டைக் கவனிக்க முடியாது. துலக்கி, காயவைத்து, எடை பார்த்தேன். எடை சொன்னதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. மருந்தே போகாத குழாயில்தான் இரும்பு இப்படிக் கரையும்.

போய் மருந்துத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. பம்ப் மட்டும் டக் டக் என்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது, உறிஞ்சும் குழாயின் வாயில் கட்டி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் போகவில்லை. நீ எப்போதும் பாய்லருக்குத் திரும்பும் வெந்நீரை வாளியில் பிடித்து வந்துதான் மருந்தைக் கரைப்பாய். நீ படுத்ததும் யாரோ பக்கத்தில் இருந்த போர் தண்ணீர்க் குழாயைத் திறந்து கரைத்திருக்கிறார்கள். அப்புறம் வந்தவர்களும் அதையே செய்திருக்கிறார்கள். யார் என்று நான் தேடவில்லை. அந்தத் தண்ணீரில் மருந்து திரிந்துவிடும் என்று நீ யாருக்கும் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை, நீதான் இருந்தாயே.

தகட்டை எடுத்துக்கொண்டு தினகரன் சார் அறைக்குப் போனேன். மாமா பெயரை எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி விடுவது என்று வழியெல்லாம் குழப்பம். அங்கே போனால் மாமா எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். நடந்ததை அவரே சொல்லிவிட்டார். சார் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் வெளியே தீபாவளி லோடுக்கு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இந்த இரண்டு நாளை ஓட்டிவிட்டு லைனை நிறுத்தலாமா என்று மெதுவாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

உன்னைப் போல நான் பேசியிருக்க வேண்டும். தகட்டை மேஜைக் கண்ணாடி மேல் வைக்கப் போனேன். கை ஆடிய ஆட்டத்தில் அது கண்ணாடியில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. சார் தகட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மேடம் இப்படி நடுங்குறீங்க?"

"பயமா இருக்கு சார்."

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் போனை எடுத்து, அந்த லைனுக்கு ஸ்டீமை மூடச் சொன்னார்.

மூடினாலும் உள்ளே இருக்கிற வெந்நீர் உடனே வடிந்துவிடாது. சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் வேறு. நான் ஷெட்டுக்கு ஓடினேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவே இல்லை. பலகையில் இருந்த டிபன் பாக்ஸையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளி, முந்தானையில் அடுக்கி, லேபுக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு மறுபடி ஓடி வந்தேன். சூடு வயிற்றில் சுட்டது. ஒரு மூடி கழன்று யாருடையதோ சாம்பார் என் புடவை முழுக்க.

"இன்னா கஸ்தூரிம்மா, எங்க சோத்த எங்க தூக்கினு போற? பேஜாரா பூட்ச்சே ஒன்னோட" என்று அஞ்சலை பின்னாலேயே வந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள், பசிக்கிறவர்கள் சோற்றுக்குப் பின்னால்தானே வருவார்கள். நம் லேபில் அத்தனை பேர் அதற்கு முன் நின்றதில்லை. தராசு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நீ இருந்தால் தராசுக்குப் பக்கத்தில் ரசமா என்று கத்தியிருப்பாய்.

ஷெட்டில் மாமாவும் இன்னொருவரும் ஏணி போட்டு வெள்ளைத் தகரத்தை உரித்தார்கள். நான் வாசலில் நின்றேன். மாமா ஒதுங்கி நின்றுகொண்டு சுத்தியலால் குழாயின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பலகைக்கு நேர் மேலே வந்ததும் மாறிப்போயிற்று. இன்னொரு தட்டு. சுத்தியல் உள்ளே போய்விட்டது. தேங்கியிருந்த வெந்நீர் ஆவியோடு கொட்டி, பலகையில் விழுந்து, பெண்கள் உட்கார்கிற தரை முழுக்கத் தெறித்தது. ஷெட் முழுக்கப் புகை மாதிரி ஆகிவிட்டது. மாமா என்று கத்தினேன். அவருக்கு முழங்கையில் கொஞ்சம் சிவந்ததோடு சரி.

தரையில் யாரும் இல்லை அக்கா. பலகையில் ஒரு டிபன் பாக்ஸும் இல்லை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்த அஞ்சலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பார்த்தாள். தன் சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேலை. பழைய குழாயை அறுத்து எடுத்தார்கள், அடிப்பக்கம் முழுக்க வாய்க்கால் வெட்டின மாதிரி இருந்தது. தொட்டியைக் கழுவி மருந்தை ஒழுங்காகக் கரைத்தாயிற்று. மாமாவுக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புதுக் குழாயைப் பிடிக்கப் போய்விட்டார். தீபாவளி லாரிகளில் பாதி காலியாகத் திரும்பின. ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுக்குக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். சோறு ஆறிப்போகிறது என்று எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

நேற்று தகட்டை மாமாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பழைய இரும்போடு போடவில்லை. பொட்டும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், குழியும் ஓட்டையுமாக, பார்க்கவே அலங்கோலமாக இருந்தது. அவர் அதை அப்படியே உன் போட்டோ முன்னால் வைத்தார். காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். எனக்குத் தைரியம் வரவே வராதா மாமா, அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, நான் இப்படி இருக்கிறேனே என்று கேட்டேன். நாளைக்கு அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்ற கவலையில்தான் கேட்டேன்.

அவர் உன் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"யாருக்கு, இவளுக்கா தைரியம்? ராத்திரியில கண்ண மூடிக்கினு சொல்லுவா, கஸ்தூரி கீறாய்யா, அவ பயந்துக்கினே எல்லாத்தயும் பாத்துக்குவா, அதான் எனக்கு நல்லா தூக்கம் வருதுன்னு."

ஏன் அக்கா இதை என்னிடம் சொல்லவே இல்லை? ரயிலில் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாயே. என்னைக் கேலி செய்ததெல்லாம், நான் பயப்படுவதை நிறுத்திவிடக் கூடாது என்றா? இல்லை, உனக்கும் சொல்லப் பயமாக இருந்ததா?

இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது, இனிமேல் தைரியமாக இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அது என்னால் ஆகாது. நாளைக்கு ஸ்டீம் விடும்போது எனக்குக் கை நடுங்கும். கம்பெனி கேட்டுக்கு மேலே போகிற இன்னொரு குழாய் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதில் தகடு போடச் சொல்லப்போகிறேன்.

அதனால் இந்த வாக்கை வைத்துக்கொள். நான் பயப்படுவதை விடமாட்டேன். பம்ப் டக் டக் என்று அடித்தாலும் மூடியைத் திறந்து பார்ப்பேன், தகடு பளபளவென்று வந்தால் அன்றைக்கு இரண்டு முறை பார்ப்பேன், அஞ்சலை சிரித்தாலும் டிபனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நீ நன்றாகத் தூங்கு அக்கா.

உன் கூடப் பிறக்காத, உன் பயத்தையும் சேர்த்துப் பயப்படுகிற தங்கச்சி,
கஸ்தூரி